கன்னத்தோரம் பிடித்த புளியங்கொட்டை

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் எங்கள் காதுப் பிரிவுக்கு ஒரு புதுக் கருவி வந்தது. உள்ளங்கையில் அடங்கிவிடும். தூங்குகிற பச்சைக் குழந்தையின் காதில் அதன் நுனியை வைத்தால் போதும். காது வேலை செய்கிறதா இல்லையா என்று சின்னத் திரையில் காட்டிவிடுகிறது. குழந்தை கை தூக்க வேண்டாம், தலை திருப்ப வேண்டாம், விழித்திருக்கக்கூட வேண்டாம். வேலைக்கு வந்து ஓராண்டு ஆகாத நித்யா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்.

"இதுக்கு முன்னாடியெல்லாம் அவங்க கேக்குதுன்னு சொல்றத நம்பித்தான் எழுதுவீங்களாங்க சார்?"

"ஆமா கண்ணு. நம்பித்தான்."

"பொய் சொன்னாங்கன்னா?"

"பொய் சொல்ல மாட்டாங்க. மரியாதைக்குச் சொல்லுவாங்க."

அவளுக்கு அது விளங்கவில்லை. அதே வாரத்தில் எங்கள் சபையின் மாத இதழைக் கவனிக்கும் இளைஞர் ஒருவர் வந்து, அன்றாட வாழ்க்கையில் கடவுளுக்குச் செவிகொடுப்பது பற்றி நாலு பக்கம் வேண்டும் என்றார். "காலமெல்லாம் காது டிபார்ட்மென்ட்லயே இருந்துபோட்டீங்க. இத நீங்க எழுதாம யாருங்கண்ணா எழுதறது?" பாதி கிண்டல்தான். ஆனால் நித்யாவின் கேள்விக்கும் அவருடைய தலைப்புக்கும் என்னிடம் இருப்பது ஒரே விடை. அந்த விடையில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லாததால் இதுவரை முழுதாக யாருக்கும் சொன்னதில்லை.

நான் பிறந்தது வெள்ளகோவில் பக்கம். அப்பாவும் அம்மாவும் ஒரு தோட்டத்தில் பண்ணையத்து ஆட்கள். தோட்டத்துக்காரர் வரப்பின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு வேலை சொல்லுவார். நாங்கள் கிட்டே போய் நிற்கிற வழக்கம் கிடையாது. எங்கள் பக்கத்துக் காற்று சொல்லைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அப்பாவுக்குக் கேட்டதோ இல்லையோ, "ஆகட்டுங்க சாமி" என்று குரல் கொடுத்துவிடுவார். பிறகு அம்மாவிடம் வந்து மெதுவாகக் கேட்பார்.

"என்ன புள்ள சொன்னாரு?"

"எனக்கென்ன தெரியும்? நீதான ஆகட்டுங்கன்ன."

"மறுக்கா கேட்டா நல்லாவா இருக்கும்?"

இருவருமாக ஊகித்து ஏதோ ஒரு வேலையைச் செய்வார்கள். பாதி நாள் சரியாக இருக்கும். மீதி நாள் திட்டு விழும். அந்தத் திட்டுக்கும் அப்பா "ஆகட்டுங்க" என்றுதான் சொல்லுவார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். மிஷன் விடுதியில் சேர்ந்து பன்னிரண்டாவது வரை படித்தேன். கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்து, அவர்களே அனுப்பி ஒரு வருடம் காது சோதனைக்குப் பயிற்சி பெற்றுத் திரும்பினேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. வெள்ளைக் கோட்டு கொடுத்தார்கள். மாதத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும்போது கோட்டை மடித்துப் பையில் வைத்து எடுத்துப்போய் அம்மாவுக்குக் காட்டியிருக்கிறேன். படிப்பு எனக்கு எவ்வளவோ கொடுத்தது. நாக்கு நுனியில் உட்கார்ந்திருந்த அந்த "ஆகட்டுங்க"வை மட்டும் அதனால் எடுக்க முடியவில்லை.

எங்கள் பிரிவின் தலைவி டாக்டர் ஜமீலா. கோவையின் பழைய தெருக்களில் ஒன்றில் தோல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பெண். என்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூட. அதிகம் பேச மாட்டார். சோதனை முடித்து நான் வரைபடத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதைப் பார்க்காமல் மேசைமேல் கவிழ்த்து வைப்பார். பிறகு கேள்விகள் வரும். ஒழுங்கு மாறாது.

"எப்படி உக்காந்திருந்தாரு?"

"கையப் பட்டுனு தூக்கினாரா, யோசிச்சுத் தூக்கினாரா?"

"உங்க கையப் பாத்தாரா?"

"சும்மா வெச்சுப் பாத்தீங்களா?"

நான்கு கேள்விக்கும் விடை வந்தபின்தான் காகிதம் நிமிரும். எதிலாவது நான் தயங்கினால், கவிழ்த்தபடியே என் பக்கம் தள்ளிவிடுவார். "மறுக்கா பாத்துட்டு வாங்க தேவராஜ்." கோபம் இருக்காது. வெளியே இருபது பேர் காத்திருந்தாலும் அந்த வாக்கியம் மாறாது.

கடைசிக் கேள்வியை விளக்க வேண்டும். சோதிக்க வந்தவரின் காதுகளில் பெரிய ஒலிக்கருவியை மாட்டி, எங்கள் கையைப் பார்க்க முடியாதபடி பக்கவாட்டில் உட்கார வைப்போம். வலது காதுக்குச் சிவப்பு, இடதுக்கு நீலம். "எவ்வளவு மெல்லமா கேட்டாலும் சரி, கேட்டா கை தூக்குங்க" என்று சொல்வோம். பொத்தானை அழுத்தினால் ஒலி போகும். கேட்டால் பத்து படி குறைப்போம். கேட்காவிட்டால் ஐந்து படி கூட்டுவோம். இப்படி ஏறி இறங்கி, மூன்றுக்கு இரண்டு முறை கை தூக்குகிற அளவை வரைபடத்தில் குறிப்போம். ஒரே சீரான இடைவெளியில் அழுத்தக்கூடாது. ஆள் தாளத்தைப் பிடித்துக்கொள்வார். இடையிடையே எதையும் அழுத்தாமல், அழுத்துகிற மாதிரியே காத்திருந்தும் பார்க்க வேண்டும். அதைத்தான் நாங்கள் "சும்மா வைப்பது" என்போம். ஒலியே போகாதபோது கை தூக்கினால் அதுவரை எழுதியது எதையும் நம்ப முடியாது.

எங்கள் பக்கத்து ஆட்களைச் சோதிப்பதில் இதுதான் பெரிய பாடு. விசைத்தறிக் கூடங்களில் இருபது வருடம் நின்று காதைத் தொலைத்தவர்கள் வருவார்கள். ஒலியே போகாது, கை போய்விடும்.

"ஏனுங்க, இப்ப என்ன கேட்டுச்சுங்க?"

"ஒண்ணுங் கேக்கலீங்க."

"அப்புறம் ஏனுங்க கை தூக்கினீங்க?"

"நீங்க இத்தன நேரமா பாடுபடறீங்க. சும்மா உக்காந்திருந்தா நல்லாவா இருக்குமுங்க?"

சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். அந்த ஆள்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொருவரும் என் அப்பாதான். அவர்களைப் பார்த்துச் சிரித்த நான் வெள்ளிக்கிழமை மாலைகளில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதைத்தான் இப்போது சொல்ல வேண்டும்.

நான் தங்கியிருந்த தெருவில் ஒரு சின்னச் சபை. வெள்ளிக்கிழமை மாலையில் ஜெபக் கூட்டம் நடக்கும். பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். ஒவ்வொருவராக எழுந்து, அந்த வாரம் கர்த்தர் தம்மிடம் என்ன பேசினார் என்று சொல்வார்கள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த ரூத் அக்காவிடம் அவர் நிறையப் பேசுவார். தொலைந்துபோன கம்மல் அரிசிச் சாக்கில் கிடக்கிறது என்றுகூட ஒருமுறை சொல்லியிருக்கிறார், கிடந்ததாம். அதில் நான் சந்தேகப்படவில்லை. என் கவலை வேறு. என்னிடம் அவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்பேன். கண்களை இறுக மூடிக்கொள்வேன். தண்ணீர் லாரி போகும் சத்தம் கேட்கும். அடுத்த வீட்டு ரேடியோ கேட்கும். வேறொன்றும் கேட்காது. இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. சாட்சி நேரத்தில் என் முறை வரும்போது, "ஜெபிச்சுக்குங்க" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிடுவேன். ரூத் அக்கா அன்பாகத்தான் கேட்பார், "தம்பிகிட்ட இன்னும் பேசலீங்களா?" படித்தவன் என்று சபையில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. அந்தக் கேள்வி ஒவ்வொரு வாரமும் அதில் ஒரு துண்டைக் கடித்தது.

அப்படிப்பட்ட ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் கவிதா வந்தாள்.

கருமத்தம்பட்டியில் தறி ஓட்டும் பழனிச்சாமிக்கும் சரசுவுக்கும் ஒரே பிள்ளை. நாலு வயது ஆகியும் பேச்சு வரவில்லை. ஆனால் படுசுட்டி. அம்மா தண்ணீர் என்று நினைக்குமுன் செம்பை எடுத்து வந்துவிடுவாளாம். "காது கேக்காத புள்ளை இப்படி இருக்குமுங்களா?" என்று பழனிச்சாமி கேட்டார். அவருடைய கேள்வி நியாயம் என்றே எனக்கும் பட்டது. தறிக்கூடத்து வீடுகளில் யாரும் வாயால் பேசிக்கொள்வதில்லை என்பது எனக்குத் தெரிந்தும் அந்த நேரம் தோன்றவில்லை. அங்கே அத்தனை பேச்சும் கையாலும் முகத்தாலும்தான். அந்த வீட்டில் பேசாத பிள்ளை மற்றவர்களைப் போலத்தான் இருக்கும்.

சின்னக் குழந்தைகளுக்குக் கை தூக்கச் சொன்னால் புரியாது. அவர்களுக்காக ஒரு விளையாட்டு வைத்திருந்தோம். ஒரு பிடி புளியங்கொட்டை, ஒரு பிளாஸ்டிக் டப்பா. கொட்டையைக் கன்னத்தோரம் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஒலி கேட்டதும் டப்பாவில் போட வேண்டும். கவிதா தனியாக உட்கார மறுத்ததால் கருவியைச் சோதனை அறைக்குள்ளேயே கொண்டுபோய் அவளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். அவளுக்கு எதிரே சரசுவை உட்கார வைத்தேன். சரசுவின் மடியில் சாப்பாடு கொண்டுவந்த தூக்குப்போசி இருந்தது. புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வைத்திருந்தார்.

விளையாட்டை இரண்டே முறையில் பிடித்துக்கொண்டாள். நான் அழுத்தினேன், கொட்டை விழுந்தது. குறைத்தேன், விழுந்தது. இன்னும் குறைத்தேன்; விழுந்தது. எனக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கியும் விழுந்தது. இப்படியொரு காதை நான் பார்த்ததில்லை. சரசு அழ ஆரம்பித்துவிட்டார். மணி ஐந்தைத் தாண்டியிருந்தது. ஆறு மணிக்கு ஜெபக் கூட்டம். சும்மா வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். வைக்கவில்லை. இவ்வளவு தெளிவாகக் கேட்கிற பிள்ளைக்கு அது எதற்கு என்று தோன்றியது.

டாக்டரம்மா வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார். முதல் மூன்று கேள்விகள் ஆயின.

"சும்மா வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேனுங்க."

காகிதம் நிமிர்ந்தது. அவர் அதை வழக்கத்தைவிட நீண்ட நேரம் பார்த்தார். பிறகு குழந்தையை அழைத்து, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடப் போனார். அதற்குள் அவசரப் பிரிவிலிருந்து ஆள் வந்துவிட்டது. "ஆறு மாசங் கழிச்சுக் கொண்டாரச் சொல்லுங்க" என்றபடி போய்விட்டார். குழந்தைக்குக் காது நன்றாக இருக்கிறது, பேச்சு மட்டும் தாமதம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். பழனிச்சாமி அந்தச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அவர்கள் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் ஆயா மாராத்தாவின் கையிலிருந்து பாத்திரத் தட்டு நழுவியது. சிமெண்டுத் தரையில் எஃகுத் தட்டும் கிண்ணங்களும். நடைபாதையே துள்ளித் திரும்பியது. பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். கவிதா திரும்பவில்லை. நான் விளையாடக் கொடுத்த ஒரு புளியங்கொட்டையை விரலில் உருட்டிப் பார்த்தபடி, மூன்றடி தள்ளி விழுந்த அந்தச் சத்தத்தைக் கடந்து போனாள்.

நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். விளையாட்டுக் கவனம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன்.

அன்று சாட்சி நேரத்தில் நான் எழுந்து நின்றேன். காலையிலேயே கர்த்தர் என்னிடம், இன்று உன் கையால் ஒரு குழந்தைக்கு நற்செய்தி கொடுப்பேன் என்று பேசியதாகச் சொன்னேன். அழுதுகொண்டு வந்த பெற்றோர், டப்பாவில் விழுந்த கொட்டைகள், கண்ணில் ஒற்றிக்கொண்ட சீட்டு, எல்லாம் சொன்னேன். தட்டைச் சொல்லவில்லை. சபை முழுதும் தோத்திரம் சொல்லிற்று. ரூத் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். போதகர் என் தலையில் கை வைத்தார். இரண்டு வருடமாகக் காத்திருந்த இடம் கிடைத்துவிட்டது. காலையில் கர்த்தர் என்னிடம் ஒன்றும் பேசியிருக்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும்.

அடுத்த நாள் விடியுமுன் முழங்காலில் நின்றேன். கண்ணை மூடியதும் தட்டு விழுந்தது. மறுநாளும் விழுந்தது. என் ஜெபத்தைக் கலைக்கச் சாத்தான் செய்கிற வேலை என்று நினைத்து அதை அதட்டினேன். உரக்க ஜெபித்துப் பார்த்தேன். பாடிப் பார்த்தேன். நான் வாய் மூடுகிற வரை அது காத்திருந்து பிறகு விழும். ஆண்டவரே, இந்தச் சத்தத்தை எடுத்துப்போட்டு என்னிடம் பேசும் என்று மன்றாடினேன். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. பத்து வாரம் இப்படிக் கழிந்தது.

ஒரு நாள் மதியம் சோதனை அறையில் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். கால் தானாகக் குழந்தைகள் உட்காரும் நாற்காலிக்குத்தான் போயிருந்தது. எதிர் நாற்காலியில் என் எவர்சில்வர் டிபன் டப்பாவை வைத்திருந்தேன். கருவி எனக்குப் பின்னால் இருந்தது. மாராத்தா அறையைப் பெருக்க வந்தார்.

"மாராத்தா, அந்த மிஷின்ல கறுப்புப் பொத்தான அழுத்துங்க பாக்கலாம்."

"ஷாக் கீக் அடிச்சுப்போடுமுங்களா?"

"அடிக்காது. அழுத்துங்க."

அழுத்தினார். என் எதிரே டப்பாவின் வளைவில் ஒரு சிவப்புப் புள்ளி மின்னி அணைந்தது. ஒலி போகும்போது கருவியின் உச்சியில் எரிகிற சிறு விளக்கு. எப்போதும் அதற்கு முன்னால் உட்காருகிற எனக்கு, அது எனக்கு மட்டும் தெரியும் என்கிற நினைப்பு.

"மறுக்கா அழுத்துங்க."

புள்ளி வந்தது. "என்னுங்க சார் வெளையாட்டு இது, சோறு ஆறுது" என்று மாராத்தா சிரித்தார். நான் மூன்றாம் முறையும் அழுத்தச் சொன்னேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. கவிதா அன்று ஒலியைக் கேட்கவில்லை. அம்மாவின் மடியில் இருந்த தூக்குப்போசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மாவின் அறைக்குப் போய் நின்றேன். விளக்கு, போசி, தட்டு, மூன்றையும் சொன்னேன். அவர் கவிதாவின் கோப்பை எடுக்கச் செய்து வரைபடத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"சும்மா வெச்சுப் பாத்தீங்களா?"

"இல்லீங்க."

"அன்னைக்குப் பாத்தேன்னீங்க."

"பொய் சொன்னேனுங்க."

"ஏனுங்க?"

"வெள்ளிக்கிழமைங்க. ஜெபக் கூட்டத்துக்கு நேரமாயிருச்சு."

"அங்க என்ன பண்ணுவீங்க?"

"கடவுள் பேசறதக் கேக்கப் போவமுங்க."

அவர் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிவப்புப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார். வரைபடத்தைக் கிழிக்கக் கூடாது, அதன் மேலேயே எழுத வேண்டும் என்றார். 'தவறான சோதனை. சும்மா வைத்துப் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொன்னேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதன் கீழே, 'நானும் கூப்பிட்டுப் பார்க்காமல் அனுப்பினேன்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார்.

"தபால் போடாதீங்க. நேர்ல போயிச் சொல்லுங்க. இப்பவே கெளம்புங்க."

அவர் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருக்கலாம். பஸ்ஸில் போகும்போது அதைவிடக் கெட்ட ஒன்று மனதில் ஓடியது. திரும்பிப் போய்விட்டு, வீடு கிடைக்கவில்லை என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? கோப்பில் முகவரி என்று இருந்தது 'பழனிச்சாமி, தறி, கருமத்தம்பட்டி' மட்டும்தான். டீக்கடையில் விசாரித்தபோது கடைக்காரர் கேட்டார், "ஏனுங்க, இந்த ரோட்டுல கல்லெடுத்து வீசுனா ஒரு பழனிச்சாமி மேலதானுங்க உளும். எந்தப் பழனிச்சாமி?" வாய் பேசாத பெண்குழந்தை என்றதும் கையைக் காட்டினார். "அந்த அடங்காப்பிடாரி ஊடுங்களா? அவத்தால, வேப்பமரத்துக்கிட்ட."

அடங்காப்பிடாரி என்ற சொல் என்னுடன் நடந்து வந்தது.

கூடத்தில் நாலு தறி ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்தவுடன் நெஞ்சுக்குள்ளேயே அடிக்கிற மாதிரியான இரைச்சல். பழனிச்சாமி என்னை அடையாளம் கண்டு இரண்டு கையையும் கூப்பினார். சரசு ஓரத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கவிதா தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முழங்காலுக்குக் கீழே இரண்டு நீளத் தடிப்புகள்.

சொல்ல வந்ததைச் சொன்னேன். அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பழனிச்சாமி என் உதட்டைப் பார்த்தார். புரிந்த மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது. ஒவ்வொரு தறியாகப் போய் நிறுத்தினார். நாலாவது நின்றபோது அந்தக் கூடத்தில் நான் எதிர்பார்க்காத அமைதி. கவிதா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். சத்தம் நின்றதற்காக அல்ல. அவள் உட்கார்ந்திருந்த தரை அதிர்வதை நிறுத்தியதற்காக.

"என்னுங்க சொன்னீங்க?"

"பாப்பாவுக்குக் காது கேக்கறதில்லீங்க. நான் தப்பா எழுதிக் குடுத்துபோட்டேனுங்க."

பழனிச்சாமி உள்ளே போய் அந்தச் சீட்டை எடுத்து வந்தார். சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததால் மூலையில் குங்குமம் பட்டிருந்தது.

"கூப்புட்டாத் திரும்பறதில்லீங்க. காது நல்லாத்தான் இருக்குதுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீங்க. அப்ப என்ன, திமிருதானுங்க? ரெண்டு போட்டா வழிக்கு வருவாள்னு..."

"நானுந்தானுங்க அடிச்சேன்," என்றார் சரசு. "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால ஒரு நா அடிச்சதில்லீங்க. அந்தச் சீட்டு வந்தப்பறந்தானுங்க."

மன்னித்துவிடுங்கள் என்று கேட்டேன். பழனிச்சாமி சீட்டை என் கையில் கொடுத்து, "நாளைக்கு எத்தன மணிக்கு வரட்டுங்க?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் கருவியின் விளக்கின் மேல் கறுப்பு நாடாவை ஒட்டினேன். தூக்குப்போசியை வெளியே வைக்கச் சொன்னேன். புளியங்கொட்டையைக் கவிதாவின் கையில் கொடுத்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டு அவளுக்கு நினைவிருந்தது.

முதல் ஒலியை அனுப்பினேன். அவள் கண் நேராக அம்மாவின் மடிக்குப் போயிற்று. அங்கே ஒன்றும் இல்லை. தரையில் தேடினாள். அம்மாவின் வளையலில் தேடினாள். ஜன்னலில் தேடினாள். சிவப்புப் புள்ளி எங்கும் இல்லை. சரியாகச் செய்ய வேண்டும் என்று அந்தக் குழந்தை அவ்வளவு ஆசைப்பட்டாள். ஒலியை ஏற்றிக்கொண்டே போனேன். அருகில் லாரி உறுமுகிற அளவுக்கு ஏற்றியபோது, அவள் தேடுவது நின்றது. கண்கள் விரிந்தன. மேலே விசிறியைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கொட்டையைப் போட்டாள். மறுபடி அனுப்பினேன், மறுபடி போட்டாள். இந்த முறை விளையாட்டே வேறு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதன்பின் சும்மா வைத்தேன்.

கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு எதையும் அழுத்தாமல் இருந்தேன். பெரியவர்கள் ஐந்தாறு நொடிக்குமேல் தாங்க மாட்டார்கள். கவிதா கொட்டையைக் கன்னத்தோரம் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். சரசுவின் முகம் போடு போடு என்று கெஞ்சியது. அவருக்கே தெரியாமல் தலைகூட அசைந்தது. அவளுக்குக் கேட்கவில்லை. அதனால் போடவில்லை. இருபது வரை எண்ணினேன். இருபத்தைந்து வயதுக்கும் மேலான நான் சபை நடுவில் செய்ய முடியாததை நாலு வயதுப் பெண் சோதனை நாற்காலியில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தாள்.

வரைபடத்தை டாக்டரம்மாவிடம் கொண்டுபோனேன். நான்கு கேள்விக்கும் விடை சொன்னேன். அவர் எழுந்து வந்து கவிதாவின் பின்னால் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மூன்று முறை. பிறகு முன்னால் வந்து குனிந்து, அவள் முகத்துக்கு நேராக நான்காம் முறை கூப்பிட்டார். கவிதா சிரித்தாள். பழனிச்சாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

காதுக்கருவி வந்தது. அந்தக் காலத்தில் அது தீப்பெட்டியைவிடப் பெரிய பெட்டி. சரசு சட்டைத்துணியில் பை தைத்து அவள் நெஞ்சில் மாட்டிவிட்டார். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. பேச்சு வந்தது, தெளிவாக வரவில்லை. பள்ளிக்கூடம் போனாள். பத்து வாரம் தாமதமானதால் பெரிய நட்டமில்லை என்று மருத்துவம் சொல்லும். அந்தப் பத்து வாரமும் அடி வாங்கிய காலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. அவள் பேச்சுப் பயிற்சிக்கு வந்த நாட்களில் எல்லாம் முதல் அரைமணி நானே கூட உட்கார்ந்தேன். பழனிச்சாமி என்னோடு சரளமாகப் பேச ஒரு வருடம் ஆயிற்று.

மறுசோதனை முடிந்த அந்த வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்தேன். பத்து வாரத்துக்கு முன் நான் சொன்னது பொய் என்றேன். காலையில் கர்த்தர் பேசவில்லை. மாலையில் ஒரு தட்டு விழுந்தது. அதைக் கேட்டும் கேட்காத மாதிரி வந்து உங்கள் முன் நின்றேன் என்றேன். காலில் இருந்த தடிப்புகளையும் சொன்னேன். யாரும் தோத்திரம் சொல்லவில்லை. மேலே விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும். போதகர் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்.

அதன் பின் பல வாரங்கள் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் ரூத் அக்காதான் கேட்டார்.

"ஏந்தம்பி, இந்த வாரம் கர்த்தர் உங்ககிட்ட ஏதாச்சும் பேசினாருங்களா?"

"இல்லீங்கக்கா. ஒண்ணுங் கேக்கல."

"வெசனப்படாதீங்க."

"வெசனமில்லீங்கக்கா. போன தடவ அந்தத் தட்டு விழுந்தப்பச் சொன்னதையே நான் இன்னும் செஞ்சு முடிக்கல."

அக்கா எதையோ முடிவு செய்தவர்போல், "அந்தக் கம்மலு," என்றார் தாழ்ந்த குரலில், "அரிசி பொடைக்கும்போதுதானுங்க ஆப்புட்டுச்சு. மத்ததெல்லாம் நானாச் சொன்னது." இருவரும் சிரித்துவிட்டோம். முன் வரிசையிலிருந்து யாரோ திரும்பி முறைத்தார்கள்.

நித்யாவுக்கு இதைச் சுருக்கமாகச் சொன்னேன். புதுக் கருவி நல்ல கருவி. ஆனாலும் குழந்தைக்குப் பின்னால் போய்ப் பெயர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டுப் பார் என்றேன். விளக்கின் மேல் ஒட்டிய கறுப்பு நாடாவோடு அந்தப் பழைய கருவி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது.

சபை இதழுக்கு நான் சொல்லக்கூடியது இன்னும் குறைவு. இப்போதும் விடியுமுன் எழுந்து சிறிது நேரம் பேசாமல் உட்காருகிறேன். பெரும்பாலான நாட்களில் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காத நாளில் கேட்டதாக யாரிடமும் சொல்வதில்லை, அவரிடமும் சொல்வதில்லை. கொட்டையைக் கன்னத்தோரம் பிடித்தபடியே எழுந்து அன்றைய வேலையைப் பார்க்கப் போகிறேன். தட்டு விழுவதானால் அங்கேதான் விழும்.